முள்ளும் அருகும் வைக்கும் தேர்வு

2025 அக்டோபர் 16, வியாழக்கிழமை அன்று, டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் ரோரி மக்கில்ராய் ஆடத் தொடங்குகிறார். அந்த நான்கு நாளில் பெரும்பாலான குழிகளில் அவர் கையில் டிரைவர் இருக்காது என்பது என் கணிப்பு. பையில் இருக்கும் கோல்களில் நீளமானது, பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்புவது டிரைவர். அதை அவரைப் போலச் சுழற்றுகிறவர்கள் இன்று உலகில் வெகு சிலர். ஓர் அடியில் 320 கெஜம் என்பது அவருக்குச் சாதாரணம். 2025 ஏப்ரலில் அகஸ்டாவில் ஜஸ்டின் ரோஸைக் கூடுதல் குழியில் வென்று, கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் வாழ்நாளில் பெற்ற ஆறாவது ஆட்டக்காரர் ஆனார். அவர் இந்தியாவில் போட்டி ஆட வருவது இதுதான் முதல் முறை.

அவரோடு டாமி ஃபிளீட்வுட், ஷேன் லவ்ரி, பிரையன் ஹார்மன், லூக் டொனால்ட் என்று பெரிய வரிசையே வருகிறது. செப்டம்பர் கடைசியில் நியூயார்க் பெத்பேஜில் அமெரிக்காவை 15-க்கு 13 என்று வென்று ரைடர் கோப்பையை ஐரோப்பா தக்கவைத்துக்கொண்டதே, அந்த அணியின் தலைவர் டொனால்ட். மக்கில்ராயும் ஃபிளீட்வுட்டும் லவ்ரியும் அதில் ஆடியவர்கள். டெல்லிப் போட்டியின் மொத்தப் பரிசு 40 லட்சம் டாலர்.

போட்டி அறிவிக்கப்பட்டதிலிருந்தே, கோல்ஃப் ஆடும் என் நண்பர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களை இவ்வளவு சின்ன மைதானத்திலா ஆட விடுவது? லோதி மைதானம் ஏறக்குறைய 6,900 கெஜம். அகஸ்டா 7,500 கெஜத்துக்கும் மேல். குருகிராமில் ஹீரோ இந்தியன் ஓப்பன் நடக்கும் டிஎல்எஃப் மைதானமும் நீளமானதுதான். அங்கேயே வைத்திருக்கலாமே என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்குச் சரியான தேர்வு வைக்கக்கூடிய இடம் இந்தியாவில் ஒன்று உண்டென்றால் அது இந்த நெருக்கமான, பழைய, முள் சூழ்ந்த மைதானம்தான். அதைக் கெஜக்கோலால் அளந்து குறை சொல்வது நிலத்தைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

நிலத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். பிறந்து வளர்ந்தது காரைக்கால் கோட்டுச்சேரி. படித்தது வேளாண்மை. வேலை முழுக்கக் களைகளோடுதான். அருகு, கோரை, சீமைக் கருவேலம் இவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதியே கிருஷி பவனில் என் காலம் போயிற்று. டெல்லியில் எங்களுக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பு காகா நகரில். ஜாகிர் ஹுசைன் சாலையில் அந்தக் கிளப்புக்குப் பக்கத்துக் காலனி அது. நான் அந்தக் கிளப்பின் உறுப்பினர் இல்லை. ஆகக்கூடிய நிலையிலும் என்றும் இருந்ததில்லை. வயது ஏறிய பிறகு லாடோ சராயில் உள்ள குதுப் மைதானத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அது டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் பொது மைதானம். யாரும் கட்டணம் கட்டி ஆடலாம். ஆகவே, நான் கோல்ஃபைப் பார்ப்பது புல்லின் பக்கமிருந்து. லோதி மைதானத்தை அப்படிப் பார்த்தால்தான் அது புரியும் என்றும் நம்புகிறேன்.

முதலில் முள்ளைச் சொல்கிறேன். லோதி மைதானத்தில் பந்து போக வேண்டிய வெட்டிய புல்வெளியை, அதாவது ஃபேர்வேயை, இரு பக்கமும் புதர் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ஃபேர்வே முடிந்த சில எட்டுகளில் காடு. கீகர் என்று டெல்லிக்காரர்கள் சொல்லும் முள்மரங்கள், அவற்றின் கீழே பின்னிக் கிடக்கும் செடி கொடி, நடுநடுவே வேம்பு. மழைக்காலம் முடிந்த கையோடு, அக்டோபரில், இந்தப் புதர் மிக அடர்த்தியாக இருக்கும். விலாயதி கீகர் என்று அவர்கள் அழைக்கும் மரத்தை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ராமநாதபுரம் முதல் நம் கடற்கரை வரை கண்மாயையும் வாய்க்காலையும் அடைத்து நிற்கும் அதே சீமைக் கருவேலம்தான். அதன் முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய வலி தெரிந்தவர்களுக்கு, அதற்குள் விழுந்த பந்தை அடிப்பது எப்படி இருக்கும் என்று சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய, அமெரிக்கப் போட்டி மைதானங்களில் பந்து ஃபேர்வேயை விட்டு விலகினால் உயரப் புல்லில் விழும். அங்கிருந்து வலுவுள்ளவர் வெட்டியெடுத்துவிடுவார். லோதியில் விலகினால், பந்து பெரும்பாலும் போனது போனதுதான். தேடுவதற்கு விதி கொடுக்கும் நேரம் மூன்று நிமிடம். முன்பு ஐந்தாக இருந்ததை 2019-இல் குறைத்துவிட்டார்கள். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டத்தோடு, அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். அந்த அடி மூன்றாவது அடியாகக் கணக்கு. பந்து கிடைத்தும் முள்ளுக்குள் சிக்கி அடிக்க முடியாமல் இருந்தால் அப்போதும் ஓர் அடி தண்டம். அதன் பிறகு இரண்டு கோல் நீளத்துக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அடர்ந்த புதரில் இரண்டு கோல் தள்ளினாலும் புதர்தான். நேர்கோட்டில் பின்னால் போனாலும் அப்படியே. கடைசியில் தொடங்கிய இடத்துக்கே நடக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். டிரைவரால் கிடைக்கும் ஆதாயம் முப்பது, நாற்பது கெஜம். மைதானமே குட்டையாக இருப்பதால் அந்த நாற்பது கெஜத்தால் மிச்சமாகும் அடி, குழிக்கு அரை அடி கூட இருக்காது. பந்து தவறிப் போனால் நட்டமோ இரண்டு அடி. கூட்டிக் கழித்தால் அயன் என்னும் குட்டைக் கோலையே எந்தப் புத்திசாலியும் எடுப்பார். ஆனால் வாழ்நாளெல்லாம் வலுவாக அடித்துப் பழகிய ஒருவர், பக்கத்தில் ஆடுகிறவர், பார் என்னும் குழிக்கு வகுத்த அடிக்கணக்கைவிட ஓர் அடி குறைவான பெர்டி இரண்டை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் குட்டைக் கோலையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பாரா? அந்தப் பொறுமையைத்தான் இந்த மைதானம் சோதிக்கிறது.

இதற்கு 2015-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆண்டு இந்தியன் ஓப்பன் இதே இடத்தில் நடந்தது. மூன்றாம் நாள் முடிவில் எஸ்.எஸ்.பி. சவுரசியா முன்னணியில் இருந்தார். கடைசி நாள் தொடங்கும்போது அனிர்பன் லாஹிரி அவரைவிட ஏழு அடி பின்னால். நான்காம் நாள் சவுரசியா 76 அடித்தார், லாஹிரி 69. இருவரும் சமம். கூடுதல் குழியில் லாஹிரி வென்றார். நான்கு நாள் ஆட்டத்தில் இருவரும் பாரைவிடச் சேமித்தது வெறும் 7 அடி. அந்த மைதானத்தை உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர் சவுரசியா. 2008-இல் இங்கே நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில், ஐரோப்பிய வீரர்கள் பலர் வந்திருந்த களத்தில், வென்றவர் அவர்தான். அவரையே ஒரு பிற்பகலில் இப்படிப் புரட்டிப் போட்டது இந்த மைதானம். அடுத்த ஆண்டே, 2016-இல், அதே சவுரசியா திரும்பி வந்து அதே இடத்தில் 15 அடி சேமித்து இந்தியன் ஓப்பனை வென்றார். இரண்டாம் இடத்தில் நின்றவர்களில் ஒருவர் லாஹிரி.

சவுரசியா நீளமாக அடிப்பவர் இல்லை. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தவரின் மகன். அந்தக் கிளப் 1829-இல் தொடங்கியது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது என்று சொல்வார்கள். அங்கே மண் களிமண், நிலம் தட்டை, குளங்கள்தான் காவல். குளத்துக்கும் குளத்துக்கும் நடுவே பந்தை வைக்கப் பழகியவருக்கு, புதருக்கும் புதருக்கும் நடுவே வைப்பது கைவந்தது. பழைய மைதானங்கள் எல்லாமே இப்படி அந்தந்த நிலத்தில் கிடைத்ததைக் கொண்டு தற்காத்துக்கொண்டவை. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்தது கடலுக்கும் வயலுக்கும் நடுவே பயிர் ஏறாத மணல் நிலத்தில். நம் காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்து கிடக்கிற அதே வகை நிலம் அது. அங்கே காற்றும் மணல் பள்ளமும் ஆட்டக்காரரைச் சோதிக்கின்றன. ஊட்டியில் ஏற்ற இறக்கமும் குளிரும். ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில் மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது; வண்டி வந்தால் ஆட்டம் நிற்கும். டெல்லியில் கடற்காற்று இல்லை, மணல்மேடு இல்லை. அங்கே இருந்தது முள்காடு. அதுவே காவலாயிற்று.

அந்த முள்காட்டுக்குள் கல்லறைகளும் இருந்தன. முகலாயர் காலத்துச் சின்னங்கள் மைதானம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கிளப் கட்டடத்துக்கு அருகே சிவப்பு மணற்கல்லில் லால் பங்களா, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ஷா ஆலம் காலத்தது. இந்த இடம் 1930-களின் தொடக்கத்தில் நகராட்சி மைதானமாகத் தொடங்கி, 1950-இல் டெல்லி கோல்ஃப் கிளப் என்று பதிவானது. பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் எழுபதுகளில் இதைத் திருத்தி அமைத்தார். 1964-இல் இந்தியன் ஓப்பன் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அவர். அந்த முதல் பட்டத்தையும் அவரே வென்றார். அண்மையில் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் மறுபடி திருத்தினார். இருவர் கை வைத்தும் நெருக்கம் அப்படியே இருக்கிறது. அதற்காக இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இனி என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். புல்.

சமவெளி இந்தியாவின் கோல்ஃப் மைதானங்களில் குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டி வைத்திருக்கும் பரப்பில், கிரீன் என்கிறார்களே, அதில் பெரும்பாலும் வளர்வது அருகின் கலப்பினம். ஆமாம், பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். அதை ஆப்பிரிக்க அருகு ஒன்றோடு சேர்த்து, விதை பிடிக்காத, சன்னமான, தரையோடு தரையாக வெட்டினாலும் தாங்கும் வகைகளை அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உருவாக்கினார்கள். நம் டெல்டாவில் அருகு வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினால் விடாது, கணுவுக்குக் கணு வேர் விட்டு ஊர்ந்துகொண்டே போகும். சம்பாவில் களை எடுக்கிற பெண்களைக் கேட்டால் அருகின் பிடிவாதத்தைச் சொல்வார்கள். அந்த ஊர்கிற குணம்தான் கோல்ஃபில் பெரிய சிக்கலை உண்டாக்குகிறது.

அருகு நேராக நிற்காது, ஒரு பக்கம் படுத்து வளரும். வெயில் சாயும் திசை, தண்ணீர் வடியும் திசை என்று இடத்துக்கு இடம் மாறும். பந்து புல் படுத்த திசையில் உருண்டால் வேகம் கூடும். எதிர்த்து உருண்டால் பிடித்து இழுக்கும். குறுக்கே போனால் சாய்வு சொல்லாத பக்கத்துக்கு நகரும். கண்ணுக்குத் தெரிவதும் நுட்பம்தான்: புல் நம்மை விட்டு விலகிப் படுத்திருந்தால் பரப்பு மினுங்கும், நம்மை நோக்கிப் படுத்திருந்தால் மங்கலாக, கரும்பச்சையாகத் தெரியும். குதுப் மைதானத்தில் எனக்கு இதைச் சொல்லித் தந்தது எந்தப் பயிற்சியாளரும் இல்லை, என் பையைத் தூக்கி வந்த வயதான கேடி ஒருவர். "சாய்வை அப்புறம் பாருங்க மேடம்ஜி, முதல்ல குழியோட விளிம்பைப் பாருங்க. எந்தப் பக்கம் புல் பிய்ஞ்சு கரடா இருக்கோ அந்தப் பக்கம்தான் அது படுக்குது" என்றார் இந்தியில். களையியல் படித்த எனக்கு அந்தக் குறிப்பு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை.

வட அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் வளர்ந்தவர்கள் பழகியது குளிர்நாட்டுப் புற்களில். அவை பெரும்பாலும் நேராக நிற்பவை. அமெரிக்கத் தெற்கிலும் துபாயிலும் ஆடி அருகையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வோர் ஊர் அருகுக்கும் ஒவ்வொரு போக்கு. அக்டோபர் டெல்லியில் பகல் வெயில் இன்னும் சுடும், இரவு குளிரத் தொடங்கும். காலையில் பனி ஈரத்தோடு மெதுவாக ஓடுகிற கிரீன், பிற்பகலில் வேறு மாதிரி ஓடும். காலையில் ஆடுகிறவரும் பிற்பகலில் ஆடுகிறவரும் ஒரே மைதானத்தில்தான் ஆடினார்களா என்று கேட்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

எங்கள் கோட்டுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய பெரியவர்களைச் சொல்தா என்போம். மாலை வேளையில் அவர்கள் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவதைச் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். புதிதாக ஆடுகிறவர் குண்டைக் கையில் எடுத்ததும் வீசுவார். பெரியவர்கள் முதலில் நடந்து போய், எங்கே குண்டு விழ வேண்டுமோ அந்த மண்ணைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு வருவார்கள். லோதியில் வெல்பவரும் அந்தப் பெரியவர்கள் வகையாக இருப்பார். அதனால்தான் என் கண் ஹார்மன் மேலும் டொனால்ட் மேலும் இருக்கிறது. ஹார்மன் குட்டையாக அடிப்பவர். 2023-இல் ராயல் லிவர்பூலில் ஓப்பனை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றவர். டொனால்ட் ஒரு காலத்தில் உலக முதலிடத்தில் இருந்ததே துல்லியத்தால்தான். ஃபிளீட்வுட்டின் அயன் அடி நேர்த்தியானது. அவருக்கும் இந்த நிலம் பொருந்தும். நம்மவர்களில் ஷிவ் கபூருக்கு இது வீட்டு முற்றம். 2017-இல் பானாசோனிக் ஓப்பனை இங்கேதான் வென்றார்.

ஆனால் இந்த மைதானத்தை உண்மையில் அறிந்தவர்கள் பை தூக்கியவர்கள். 1991-இல் இந்தியன் ஓப்பனை இங்கே அலி ஷேர் வென்றார். 1965-இல் அமெச்சூராக ஆடிய பில்லூ சேத்திக்குப் பிறகு அந்தப் பட்டத்தைத் தொட்ட இந்தியர் அவர்; தொழில்முறை இந்திய ஆட்டக்காரர்களில் அவர்தான் முதல்வர். இதே மைதானத்தில் கேடியாக இருந்து கற்றவர். அலுவலகத் தோழி ஒருவர் கொடுத்த பாஸில் அன்று நானும் கூட்டத்தோடு நடந்தேன். ஆட்டத்தின் விதி பாதிதான் எனக்கு அப்போது தெரியும். அவர் பின்னால் கேடிகள் கூட்டமாக நடந்ததும், ஒவ்வோர் அடிக்கும் முன்பே பந்து எங்கே வர வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் நினைவில் இருக்கின்றன. 1993-இல் அலி ஷேர் அந்தப் பட்டத்தை மறுபடியும் வென்றார். ஷமீம் கானும் இங்கே கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர்தான். நீளமான மைதானத்தில் ஆட உயர்ந்த உடலும், விலையுயர்ந்த கோலும், அதற்கேற்ற பயிற்சியும் வேண்டும். நெருக்கமான மைதானம் அறிவுக்குக் கூலி கொடுக்கும். கேடியின் பிள்ளைக்கு அது ஒரு வாய்ப்பு. போட்டி நாட்களில் தொலைக்காட்சியில் வர்ணனை செய்பவர்கள் மக்கில்ராயின் தோள்வலுவைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்த மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கிளப்பின் கதவைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. அரசு நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் இடம் அது. 2017-இல் மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண் ஒருவரை, அவர் அணிந்திருந்த மரபு உடையைக் காரணம் காட்டி, உணவுக்கூடத்திலிருந்து வெளியேறச் சொன்ன செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மைதானத்தை நான் நேசிப்பதற்கும் அந்தக் கதவின் நடத்தையை ஏற்பதற்கும் தொடர்பில்லை. பொது நிலத்தில் வளர்ந்த இந்த அரிய தேர்வுக்களத்தைப் பொதுப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்க்க வழி செய்ய வேண்டும். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த என் பிள்ளைகள், கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மைதானத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

போட்டி நடக்கும்போது இன்னொரு பேச்சு கிளம்பும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் நாளே யாராவது எட்டு அடி சேமிப்பார்கள். வெல்பவர் 15 அடியோ 20 அடியோ சேமித்து முடிப்பார். உடனே, "பார்த்தீர்களா, மைதானம் எளிது" என்பார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பார் 72 உள்ள மைதானத்தில் நேராக அடிப்பவர் பெர்டிகளை அள்ளுவது அவருக்குக் கிடைக்கும் நியாயமான கூலி. பட்டியலின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஒரே குழியில் எட்டும் ஒன்பதும் எழுதிக்கொண்டு இரண்டாம் நாளே ஊர் திரும்புகிறவர்கள் யார், அவர்கள் சராசரியாக எத்தனை கெஜம் அடிப்பவர்கள் என்று பாருங்கள். நல்ல தேர்வுத்தாள் முதல் மதிப்பெண்ணையும் கடைசி மதிப்பெண்ணையும் நன்றாகப் பிரித்துக் காட்டும். நான்கு நாளும் எல்லாரும் 70-ஐச் சுற்றியே நிற்கும் நீள மைதானத்தைவிட இது எனக்கு உயர்வு.

நீளத்தின் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்துக்கு ஆழமான காரணம் தண்ணீர். காவிரியின் கடைமடையில் பிறந்தவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எந்த நிலத்தையும் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் அரசலாற்றில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு நாற்றங்கால் போட்டிருக்கிறோம். கடலை ஒட்டிய கிராமங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பேறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். 18 குழி மைதானம் ஒன்று கோடையில் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஃபேர்வேயை அகலமாக்கி, 7,400 கெஜத்துக்கு நீட்டி, இருபுறமும் பச்சைப் புல்லே இருக்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கு இன்னும் ஏறும். லோதி மைதானத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியது நடுவில் ஓடும் ஒடுக்கமான நாடாவுக்கும் கிரீன்களுக்கும்தான். மீதி நிலம் காடு. அந்தக் காடு பருவமழையில் பிழைத்துக்கொள்ளும். மயிலும் நூற்றுக்கணக்கான பறவை வகைகளும் அதில் வாழ்கின்றன. ஆட்டத்துக்குக் காவல், பறவைக்கு வீடு, நீருக்குச் சிக்கனம் எல்லாம் ஒரே புதரால் நடக்கிறது. இந்தியாவில் இனி புதிதாக மைதானம் கட்டுகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் இதுவே.

போட்டி முடிந்த பிறகு, வந்து ஆடியவர்களில் சிலர் ஃபேர்வே ஒடுக்கம் என்று முணுமுணுக்கலாம். அடுத்த முறையும் பெரிய பெயர்கள் வர வேண்டுமே என்ற கவலையில் புதரைப் பத்தடி வெட்டித் தள்ளலாமா என்ற யோசனை எழக்கூடும். எழுந்தால் அதை எதிர்க்க வேண்டும். வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்ட வேண்டியது விலாயதி கீகரை மட்டும். அந்த மரத்தோடு எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. அது தன் நிழலில் நாட்டு மரங்களை எளிதில் வளர விடாது. ஆனால் ஒரே மூச்சில் வெட்டினால் வெறுந்தரைதான் மிஞ்சும், அங்கே மறுபடி அதுவே முளைக்கும். ஒரு மழைக்காலத்துக்கு ஓரிரு குழி என்று எடுத்துக்கொண்டு, வேரோடு தோண்டிய இடத்தில் டெல்லி மண்ணுக்கே உரிய மரங்களை நெருக்கமாக நட வேண்டும். தாக் என்று அவர்கள் சொல்லும் புரசு, இலந்தை, வன்னி, நாட்டுக் கருவேலம். ஜூலை முதல் மழையில் நட்டால் அடுத்த கோடைக்கு வேர் பிடித்துவிடும். இரண்டு வருடம் ஆடு மாடும் ஆட்டக்காரரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இலந்தையிலும் கருவேலத்திலும் வேண்டிய அளவு முள் இருக்கிறது.